பெயர் எழுதாத படங்கள்

(பகவான் மகாவீரர் ஜெயந்தியையொட்டிக் காரியாபட்டியில் நடைபெற்ற தமிழ்ச் சமணக் குடும்பங்களின் சந்திப்பில் ஆற்றிய உரை)



வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய பகுதிகளின் ஊர்களைப் பூர்விகமாகக் கொண்ட நாம், பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் இந்த விருதுநகர்ச் சீமையில் வந்து தங்கியிருக்கிறோம். இது நமக்குப் புதிய ஊர் என்று நம்மவர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. இந்தக் காரியாபட்டி வட்டத்தில்தான் குறண்டி இருக்கிறது. பாண்டியர் காலத்தில் வெண்பு நாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்று வழங்கிய பெரும் சமணப் பள்ளி அங்கே விளங்கியது. அப்பள்ளி இன்று இல்லை. ஆயினும் திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் காளைநாதர் கோயிலில் அதனைக் குறிக்கும் கல்வெட்டுகள் இருக்கின்றன. மதுரைச் சமணர்மலையில் தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே பொறித்த வட்டெழுத்துகளிலும் குறண்டிப் பள்ளியின் ஆசிரியர், மாணாக்கர் பெயர்களைக் காண்கிறோம்.

கழுகுமலைக்குச் சென்று வந்தவர்கள் இதை இன்னும் தெளிவாகக் கண்டிருப்பீர்கள். பாறையின் நெற்றியில் வரிசை வரிசையாகத் திருவுருவங்கள்; அவற்றின் அடியில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள். ஒவ்வொன்றும் ஓரிரு வரிதான். இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவோடு முடிந்துவிடும். செய்வித்தவர்களில் அரசர் இல்லை. பெரும்பாலோர் சாதாரண மாந்தர். குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும், அவர்களுடைய மாணாக்கியரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண் இன்னாருடைய மாணாக்கி, இன்ன ஊரினள் என்று நாம் இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

இப்போது நம் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டிக்கு வருவோம். நம் பாட்டனாரின் தங்கை நிற்கும் படம் அதில் இருக்கிறது. எடுத்து அறுபது எழுபது ஆண்டுகள்தாம் ஆகியிருக்கும். அவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதற்கு நம் வாழ்க்கைமுறை சார்ந்த ஒரு காரணம் உண்டென்று நான் எண்ணுகிறேன். இறந்தோர்க்குப் பிண்டமிடுதலும் நீர்க்கடன் செய்தலும் நம் அறத்தில் இடம்பெறாதவை. வினையின் பயனை உயிர் தானே நுகர்கிறது. பிறர் கொடுத்து அதனை மாற்ற இயலாது என்பது நமது கொள்கை. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் பிற சமயத்து வீடுகளில் அமாவாசைதோறும் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களை வாயால் சொல்லும் வழக்கம் இருப்பதால், அவை தாமாகவே நினைவில் நிற்கின்றன. நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நாம் எழுதி வைத்தாக வேண்டும். கழுகுமலையில் பொறித்தவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

பெயரில்லாத படத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு நம்மிடமே ஓர் அழகிய பயிற்சி இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் திருமுகங்களும் ஒன்றுபோலவே இருக்கும். தியானத்தில் அமைந்த அந்த முகத்தைப் பார்த்து இன்னார் என்று எவராலும் சொல்ல முடியாது. பீடத்தில் எருது இருந்தால் ஆதிநாதர். சிங்கம் இருந்தால் மகாவீரர். தலைமேல் நாகம் படமெடுத்தால் பார்சுவநாதர். கால்களில் கொடி படர்ந்து நின்றால் பாகுபலி. தமிழ்நாட்டு மலைகளில் உள்ள பழைய உருவங்கள் பலவற்றில் முக்குடை மட்டுமே உண்டு, இலாஞ்சனம் இல்லை. அவை எந்தத் தீர்த்தங்கரர் என்று அறிஞர்களும் துணிந்து கூறுவதில்லை. முகத்தை விட்டுவிட்டு முகத்தைச் சுற்றியிருப்பதைப் பார் என்பதே இதில் நமக்குள்ள பாடம். குடும்பப் படத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

முதலில் படத்தைத் திருப்புங்கள். பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருக்கலாம். அட்டையில் ஒட்டிய பழைய படமானால் கீழ் வலது மூலையில் மேடாக அழுத்திய எழுத்து இருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக வீழ்த்தினால்தான் அது கண்ணுக்குப் படும். முத்திரையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் படம் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15க்குப் பிந்தியது. அன்றுதான் அந்த முறை தொடங்கியது. ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969 சனவரிக்கு முன் அச்சிட்ட முத்திரை. ‘வட ஆர்க்காடு ஜில்லா, வந்தவாசி’ என்றிருந்தால் 1989இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தியது. இந்தப் பகுதியில் எடுத்த படமாயின், ‘இராமநாதபுரம் ஜில்லா, காரியாபட்டி’ என்பது 1985க்கு முந்தியதைக் காட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. செலவை எண்ணிப் பழைய ரப்பர் முத்திரையைப் பத்தாண்டுகள் கூடுதலாக வைத்திருந்த கடைக்காரர்கள் உண்டு. புதிய பெயர் இருந்தால் அதற்குமுன் எடுத்ததன்று என உறுதியாகச் சொல்லலாம். பழைய பெயர் இருந்தால் அவ்வளவு உறுதி இல்லை.

தாளே பேசுவதும் உண்டு. பின்புறம் ஆங்கிலத்தில் ‘போஸ்ட் கார்டு’ என்று அச்சிட்ட படங்கள் பல வீடுகளில் கிடைக்கின்றன. யாரோ தபாலில் அனுப்பிய படம் என்று கருதி, அனுப்பியவரைத் தேடி வீணே அலைய வேண்டாம். அந்த அளவில் அப்படி அச்சிட்டே தாள் விற்றார்கள். உள்ளூர் ஸ்டுடியோக்காரர் அதில் படம் போட்டுக் கொடுத்தார். தாளின் பின்னே ‘அக்பா-கேவர்ட்’ என்று இரு பெயரும் சேர்ந்திருந்தால், அவ்விரு நிறுவனங்களும் 1964இல் இணைந்தபின் வந்த தாள் அது. உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ என்ற பெயர் நெகடிவிலோ உறையிலோ காணப்பட்டால் 1967க்கு முன் போக வேண்டியதில்லை; உற்பத்தி தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

ஸ்டுடியோவின் பெயர் இல்லையெனில் திரையைப் பாருங்கள். மாளிகைத் தூண், படிக்கட்டு, ஏரி, அன்னம் என்று எழுதிய திரைச்சீலையை ஒரு ஸ்டுடியோ பல்லாண்டு பயன்படுத்தும். முக்காலி, பூந்தொட்டி, கைப்பிடி செதுக்கிய நாற்காலி எல்லாம் அப்படியே. உறவினர் வீட்டில் முத்திரையோடு ஒரு படம் கிடைத்து, அதே திரை உங்கள் படத்திலும் இருந்தால் ஊர் தெரிந்துவிட்டது. ஊர் தெரிந்தால் அவ்வூரில் நமக்கு யார் இருந்தார்கள் என்ற கேள்வி எழும். அங்கிருந்து ஆளை நெருங்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துக் கணினிப்படுத்தியிருக்கிறார்கள். குடும்பப் படம் வரலாற்று ஆவணம் என்று அயல்நாட்டு நூலகம் ஏற்றுக்கொண்டது. நாம் அதனைத் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பழைய தாளோடு எடைக்குப் போடுகிறோம்.

ஆண்டைக் கண்டுபிடிக்கச் சுவரையும் பாருங்கள். சிவகாசிக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய தமிழ்வீட்டுச் சுவரில் நாட்காட்டி இல்லாத இடம் குறைவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தாளில் தேதியும் கிழமையும் தெரியலாம். சனவரி 26, வியாழன் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதி வியாழனில் விழுந்த ஆண்டுகள் 1950, 1956, 1961, 1967, 1978. இருபத்தொன்பது ஆண்டுகளில் ஐந்தே ஐந்து. படத்தில் இருக்கும் குழந்தை 1958இல் பிறந்ததென்று தெரிந்து, அது மூன்று வயதுக் குழந்தையாகத் தோன்றினால் ஐந்தும் ஒன்றாகிவிடும்.

பின்புறம் தமிழ் ஆண்டு எழுதியிருந்தால் அது இன்னும் எளிது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பார்த்திப ஆண்டு ஆவணி என்றால் 1945ஆகவும் இருக்கலாம், அதற்கு அறுபது ஆண்டு முந்திய 1885ஆகவும் இருக்கலாம், 2005ஆகவும் இருக்கலாம். நம் வீட்டுப் படங்களில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தாளையும் உடையையும் பார்த்த அளவிலேயே தீரும்.

யாத்திரைப் படங்கள் நமக்கே உரிய செல்வம். சிரவணபெளகொளத்துக் கோமடேசுவரரின் முன்னே குடும்பத்தோடு நின்று எடுத்த படம் நம்மில் பலரிடம் இருக்கிறது. சிலைக்குப் பின்னால் சாரம் கட்டியிருந்தால் அது மகாமஸ்தகாபிஷேகத்தை ஒட்டிய நாள். அந்த அபிஷேகம் கடந்த நூற்றாண்டிலும் இதிலும் 1910, 1925, 1940, 1953, 1967, 1981, 1993, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. சாரம் ஒன்றே போதும். ஆண்டு கைக்கு வந்துவிடும். கோமடேசுவரர் எல்லாரும் ஒருவரல்லர் என்பதையும் மறக்கலாகாது. கார்க்களத்துச் சிலை 1432இல் நிறுவியது, 42 அடி. வேணூர்ச் சிலை 1604இல் நிறுவியது, 35 அடி. தர்மஸ்தலத்துச் சிலைக்கு 1982இல்தான் பிரதிஷ்டை நடந்தது. உங்கள் பாட்டியார் 1975இல் காலமாகியிருந்தால் தர்மஸ்தலப் பாகுபலியின் அடியில் நிற்கும் அம்மையார் அவர் அல்லர்.

மேல்சித்தாமூர் மடத்துப் படங்களில் வேறொரு சிக்கல். மடாதிபதி நடுவில் அமர்ந்திருக்க, சுற்றிலும் ஊர்ப் பெரியவர்கள். கீழே ‘ஸ்ரீ லட்சுமிசேன பட்டாரகர் விஜயம்’ என்று அழகாக எழுதியிருக்கும். அந்தப் பீடத்தில் அமர்பவர் எல்லாரும் அப்பட்டப்பெயரையே ஏற்கிறார்கள். எனவே அது எந்த சுவாமிகள் என்பதைத் திருமுகத்தைக் கொண்டும் மடத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டுமே தெளிய வேண்டும். அவர் பீடத்தில் இருந்த காலம் தெரிந்தால் சுற்றி நிற்பவர்களின் காலமும் தெரியும். நம் சமூக மாநாட்டுப் படங்களில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரோ ஜீவபந்து டி.எஸ். ஸ்ரீபாலோ அமர்ந்திருந்தால் அதுவும் அத்தகைய நங்கூரந்தான். சக்கரவர்த்தி நயினார் 1960இல் மறைந்தார். அவர் இருக்கும் படம் அதற்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை.

சில படங்கள் இடவல மாறி அச்சாகியிருக்கும். நெகடிவைப் புரட்டிவைத்ததால் நேரும் பிழை இது. உபாத்தியாயரின் பூணூல் வலத்தோளில் கிடப்பதும், பெண்டிர் எல்லாரும் முந்தானையை வலப்பக்கம் போட்டிருப்பதும், சட்டைப் பொத்தான்கள் மாறி இருப்பதும் அடையாளம். ஜினாலயத்தின் முன் எடுத்த படம் இப்படி மாறியிருந்தால் அந்த ஊர்க் கோயிலே அன்று என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் ஆளின் பெயர் படத்திலிருந்து வராது. ஊர் வரும், ஆண்டு வரும், பெயர் மனிதரிடமிருந்துதான் வர வேண்டும். உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது ஏடுகள் அவர் கையில் இருந்தன, பொருள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே 1887இல் அந்நூல் அச்சேறியது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்பதற்கு நாம் ஏன் தயங்குகிறோம்?

கேட்கும் முறை ஒன்று உண்டு. படத்தை நீட்டி ‘இது யார்?’ என்று கேட்டால், முதியவர் தெரியாது என்று சொல்லிவிட்டு வருந்துவார். நினைவுக் குறைவைச் சோதிப்பதாக அவருக்குத் தோன்றும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். தெரிந்த ஒருவரில் தொடங்கி அவர் பக்கத்தில் நிற்பவரிடம் தாமே செல்வார். நான்கு பேரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பதும் தவறு. குரல் பெரியவர் சொன்ன பெயரே எல்லாருடைய நினைவும் ஆகிவிடும். தனித்தனியே கேட்டு, செல்பேசியில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள்.

பெண்களைக் கேளுங்கள் என்று தனியாகச் சொல்கிறேன். ஆடவர் முகத்தைப் பார்க்கிறார்கள். பெண்டிர் புடைவையையும் நகையையும் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், திண்ணையின் முன் ஏழு பேர் நிற்கும் படம் இருந்தது. ஓரத்தில் நின்ற இளம்பெண் யாரென்று தெரியவில்லை. வேலைக்கு வந்த பெண்ணாக இருக்கும் என்று சொல்லிவந்தார்கள். எண்பத்தாறு வயது அம்மையார் ஒருவரிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. “இது எங்க அம்மாவோட சேலை. அம்மா யாருக்கும் சேலை கொடுக்கமாட்டாங்க, தங்கச்சிக்குத் தவிர. அப்போ இது சின்னம்மாதான்” என்றார். அந்தச் சின்னம்மா தலைப்பிரசவத்தில் இறந்தவர். துயரம் தாங்காமல் அவரைப் பற்றிப் பேசுவதையே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பேச்சு நின்று அடுத்த தலைமுறை வருவதற்குள் அவர் வேலைக்காரப் பெண்ணாகிவிட்டார். இப்போது படத்தின் பின்னே அவருடைய பெயர் இருக்கிறது.

உடை ஆளைக் காட்டிய நிகழ்ச்சி உலகப் புகழ்பெற்றதும் ஒன்றுண்டு. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் பெயர் தெரியாத வீரர் ஒருவர் இறந்து கிடந்தார். அவர் கையில் மூன்று குழந்தைகளின் படம். அக்காலத்துச் செய்தித்தாளில் படம் அச்சிட இயலாது. ஆகவே குழந்தைகளின் வயதையும் உடையையும், மூத்த பையனின் சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை என்பதையும் சொற்களால் வருணித்து வெளியிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் அதைப் படித்த தாய், தன் கணவர் ஆமோஸ் ஹியூமிஸ்டனுக்குத் தான் அனுப்பிய படம் அது என்று உணர்ந்தார். ஒரு துணியின் வருணனை, கணவர் இறந்த செய்தியாக அவரை அடைந்தது. பெயரைக் கண்டறிதல் எப்போதும் மகிழ்ச்சியான செய்தியாக இருப்பதில்லை. கேட்கச் செல்லும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

சொல்பவர்கள் மாறுபட்டால் என்ன செய்வது? அத்தை ஒரு பெயர் சொல்கிறார். பெரியப்பா வேறு பெயர் சொல்கிறார். அநேகாந்தம் பயின்ற நாம் இதற்குத் திகைக்க வேண்டியதில்லை. இருவர் கூற்றையும், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதோடு எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்ததை ஒருவிதமாகவும், இருக்கலாம் என்பதை ‘ஆகலாம்’ என்றும் குறியுங்கள். தவறான பெயரை மையால் எழுதுவது பெயரில்லாமல் விடுவதைவிடத் தீங்கு; பிறகு அதை யாரும் ஐயுறமாட்டார்கள். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கம் உள்ள நம்மிடையே ஒரே பெயரில் மூவர் இருப்பது இயல்பு. ஊரின் தலையெழுத்து, தந்தை பெயரின் தலையெழுத்து, யாருக்கு என்ன முறை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பெயர் முழுமையாகும். இன்னார் மனைவி என்று மட்டும் எழுதி நிறுத்தவே கூடாது. கழுகுமலைக் கல்லில் தம் பெயரோடு நிற்கும் பெண்கள் நம் ஆல்பத்தில் பெயரிழப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

இனி, குடும்பத்துக்கு அப்பாற்பட்ட ஒரு செய்தி. நம் ஊர் ஜினாலயங்களிலிருந்து உலோகத் திருமேனிகள் களவு போயிருப்பதை நீங்கள் அறிவீர்கள். களவுபோன சிலை எங்கோ ஒரு நாட்டில் வெளிப்படும்போது, அது இந்தக் கோயிலுக்குரியது என்று மெய்ப்பிக்கப் பழைய படம் வேண்டும். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பு பெரும் துணையாயிற்று. அந்நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காத்துவருகிறது. ஆயினும் ஒவ்வொரு சிற்றூர் ஜினாலயத்தின் ஒவ்வொரு திருமேனியும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் அத்தையின் திருமணப் படத்தில், மணமக்களின் தோளுக்குப் பின்னால், தெளிவின்றித் தெரியும் பார்சுவநாதர் ஒருவேளை வேறெங்கும் படமாகாதவராக இருக்கலாம். ஆகையால்தான் படத்தை வெட்டாதீர்கள் என்று வேண்டுகிறேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு முகத்தை மட்டும் வெட்டிக் கொடுப்பது இப்போது பெருவழக்காகிவிட்டது. பிரதி எடுத்து அதை வெட்டுங்கள். மூலத்தில் கத்தரி படலாகாது.

மூலத்தைக் காப்பது கடினமன்று. பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் அழுத்தித் தெரியும்; மை ஊறும். பசைநாடா ஒட்டாதீர்கள். சந்தனம் குங்குமம் இட்டுச் சட்டத்தில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாமல் சட்டத்தோடேயே பிரதி எடுங்கள். பின்பலகையை மட்டும் கழற்றிப் பார்ப்பது நல்லது. அங்கே சில நேரம் கடைக்காரர் முன்பணம் வாங்கிய குறிப்பு, பெயரோடும் தேதியோடும் இருக்கும்.

பக்கத்து அறையில் நீண்ட மேசையின்மீது, குடும்பங்கள் கொண்டுவந்த படங்களின் பிரதிகளை எண்ணிட்டு வைத்திருக்கிறோம். பக்கத்தில் பென்சிலும் தாளும் இருக்கின்றன. உணவு முடிந்ததும், எழுபது வயதுக்கு மேற்பட்ட தாய்மார்கள் முதலில் வருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொருவரோடும் ஓர் இளைஞர் அமர்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவார். பதினேழாம் எண் படம், மானஸ்தம்பம் இல்லாத ஒரு ஜினாலயத்தின் முன் மூன்று பெண்கள் நிற்பது. அதைக் கொண்டுவந்தவர்களுக்கே அந்த ஊர் தெரியவில்லை. வந்தவாசிப் பக்கத்தார் அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.